‘சம்பளக்காரன் மட்டும் ஏன் முழு வரி கட்ட வேண்டும்?’ – ஆடிட்டர் பதில்

கோவையிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 43. பம்ப் தயாரிக்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் வேலை. ஆண்டுச் சம்பளம் 18 லட்சம் ரூபாய். மனைவி வேலைக்குப் போகவில்லை. இரண்டு பிள்ளைகள், உடன் வசிக்கும் அம்மா, வீட்டுக்கடன் தவணை. ஜனவரி பிறந்தாலே டிடிஎஸ் (சம்பளத்திலேயே வரியைப் பிடிப்பது) பிடித்தம் ஏறி, மார்ச் வரை கைக்கு வரும் சம்பளம் பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது என்று எழுதியிருக்கிறார். பக்கத்து வீட்டு ஹார்டுவேர் கடைக்காரர் போன வருடம் புதுக் கார் எடுத்தார். “நான் ஒரு பைசா வரி கட்டுவதில்லை” என்று வெளிப்படையாகவே சொல்கிறார். பெரும் கோடீஸ்வரர்கள் கட்டும் வரி விகிதம் தன்னுடையதைவிடக் குறைவு என்றும் இவர் கேள்விப்பட்டிருக்கிறார்.

இந்தக் கோபத்தில், சக ஊழியர் அறிமுகப்படுத்திய ஒரு ஏஜென்ட் மூலம் 2023-24 நிதியாண்டுக்கான வருமான வரி ரிட்டர்னில், கொடுக்காத 2 லட்சம் ரூபாயை அரசியல் கட்சி நன்கொடை என்று காட்டியிருக்கிறார். அப்படிக் காட்டினால் அந்தத் தொகை வரிக்குரிய வருமானத்திலிருந்து ‘கழிவாக’ நீங்கும். 62,400 ரூபாய் ரீஃபண்ட் வந்தது. ஏஜென்ட் அதில் 6,000 எடுத்துக்கொண்டார். இப்போது ‘உங்கள் கழிவுகளைச் சரிபார்க்கவும்’ என்று வருமான வரித்துறையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கிறது. “பணக்காரன் சட்டத்தை வளைத்தால் வரித் திட்டமிடல், நான் செய்தால் குற்றமா? இதைச் சரிசெய்ய வேண்டுமா, சும்மா இருந்துவிடலாமா? மனைவி பெயரில் பணத்தைப் போட்டால் வரி குறையுமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. நாட்டின் வரிச் சட்டம் நியாயமானதா என்பது ஒன்று. நீங்கள் நியாயமாகக் கட்ட வேண்டிய வரி எவ்வளவு என்பது இன்னொன்று. அந்தப் பொய்க் கழிவை என்ன செய்வது என்பது மூன்றாவது. மூன்றாவதுதான் அவசரம், அதை முதலில் முடித்துவிடுவோம்.

சும்மா இருக்காதீர்கள்

ஏஜென்ட் செய்தது, நமக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ரிட்டர்னைச் சரிபார்த்தது உங்கள் ஆதாருக்கு வந்த ஓடிபி. சட்டத்தின் பார்வையில் அது உங்கள் கையெழுத்து. 2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடு முழுவதும் 150-க்கும் மேற்பட்ட இடங்களில் சோதனை நடத்தியது. இப்படிப் பொய்க் கழிவு காட்டிக் கொடுக்கும் ஏஜென்ட்டுகளைத் தேடித்தான் அந்தச் சோதனை. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றதாகத் துறை அறிவித்தது. உங்களுக்கு வந்த குறுஞ்செய்தியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். நோட்டீஸுக்கு முன் தரப்படும் வாய்ப்பு அது.

வாய்ப்பின் பெயர், புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு) முடிந்து நான்கு வருடங்கள் வரை அதைத் தாக்கல் செய்யலாம். உங்கள் விஷயத்தில் மதிப்பீட்டு ஆண்டு 2024-25. 2026 மார்ச் 31-க்குள் தாக்கல் செய்தால், கட்ட வேண்டிய வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரி. அந்தத் தேதி தாண்டினால் 2027 மார்ச் 31 வரை 50 சதவீதம். அதற்கு மேல் 60, 70 என்று ஏறிக்கொண்டே போகும்.

வட்டியை விட்டுவிட்டுக் கணக்குப் போடுவோம். திருப்பிக் கட்ட வேண்டியது 62,400. கூடுதல் வரி 15,600, தாமதமானால் 31,200. நீங்களாகச் செய்யாமல் துறையே பிடித்தால், வருமானத்தைத் தவறாகக் காட்டியதற்கான அபராதம் வரியைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 1,24,800 ரூபாய். வரியும் வட்டியும் அதற்கு மேல் தனி. குற்றவழக்குக்கும் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த ஆண்டுக் கணக்கைத் துறை மீண்டும் ஆராயும் மறுமதிப்பீடு தொடங்கிவிட்டால் இந்தக் கதவு உங்கள் பக்கம் திறந்திருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆகவே இந்த வாரமே ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். வட்டியைத் துல்லியமாகக் கணக்கிட்டு, செலானில் பணம் கட்டி, பிறகு ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள்.

‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் பலர் செய்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதுதான் ஆபத்தே. ஒரே ஏஜென்ட் ஒரே நிறுவனத்து ஊழியர்கள் ஐம்பது பேருக்கு ஒரே மாதிரி நன்கொடை காட்டும்போது, துறையின் கணினிக்கு அது பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

நேர் வழியில் உங்களுக்கு மிச்சமாவது அதைவிட அதிகம்

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்பட வைத்த வாக்கியம், “இன்றும் பழைய முறையில்தான் இருக்கிறேன், வீட்டுக்கடன் இருக்கிறதே” என்பதுதான். வருமான வரி கணக்கிட இரண்டு முறைகள் உண்டு: பழையதில் கழிவுகள் அதிகம், புதியதில் கழிவுகளும் குறைவு, விகிதமும் குறைவு. வீட்டுக்கடன் இருந்தால் பழைய முறைதான் லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். 2025-26 நிதியாண்டு விகிதப்படி உங்கள் எண்களையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

பழைய முறை: 18 லட்சத்தில் நிலையான கழிவு 50,000, பிஎஃப், எல்ஐசி வகையில் 1.5 லட்சம், வீட்டுக்கடன் வட்டி 2 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000. மீதி 13.75 லட்சம். செஸ் (வரியின் மேல் வசூலிக்கும் சிறு தீர்வை) உட்பட வரி 2,34,000 ரூபாய்.

புதிய முறை: நிலையான கழிவு 75,000 மட்டும். மீதி 17.25 லட்சம். முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த நாலு லட்சத்துக்கு 5 சதவீதம், பிறகு 10, 15, 20 என்று போகிறது. செஸ் உட்பட வரி 1,50,800 ரூபாய்.

வித்தியாசம் 83,200. ஒரு பொய்கூடச் சொல்லாமல் வரும் மிச்சம் இது. அந்த ஏஜென்ட் உங்களைச் சிக்கலில் மாட்டிவிட்டு வாங்கிக் கொடுத்ததைவிட அதிகம். நிறுவனத்தில் பழைய முறை என்று எழுதிக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. உங்களைப்போல் தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த ஏப்ரலில் அலுவலகத்திலேயே மாற்றச் சொல்லிவிட்டால் ஜனவரிப் பிடித்தமும் குறையும்.

இன்னொன்று, உங்கள் சம்பளத்துக்குள்ளேயே நிறுவனத்தின் பங்காக என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) செலுத்தச் சொல்லிக் கேளுங்கள். புதிய முறையிலும் அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை இதற்குக் கழிவு உண்டு. அடிப்படைச் சம்பளம் 9 லட்சம் என்றால் 1.26 லட்சம். வரியில் சுமார் 26,000 ரூபாய் குறையும். ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் ஓய்வு வரை முடங்கிக் கிடக்கும். பிள்ளைகளின் கல்லூரிச் செலவு நெருங்குகிறது என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

மனைவி பெயரில் டெபாசிட் போடுவதால் பயன் இல்லை. நீங்கள் கொடுத்த பணத்திலிருந்து அவருக்கு வரும் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும். அம்மாவுக்கு நீங்கள் அன்பளிப்பாகக் கொடுத்தால் அப்படிச் சேர்க்க மாட்டார்கள். வட்டி அவருடைய வருமானம். ஆனால் கொடுத்த பணம் உண்மையிலேயே அம்மாவுடையதாகிவிடும். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வரியை மிச்சம் பிடிக்கப் போய்ப் பாகப்பிரிவினையில் முடிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏமாற்றுகிறாரா?

ஒருவேளை இல்லை. சிறு வியாபாரிகளுக்கு உத்தேச வருமான முறை என்று ஒன்று இருக்கிறது. பணம் வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோ வந்தால் விற்றுமுதலில் 6 சதவீதத்தை லாபமாகக் காட்டலாம், ரொக்கமாக வந்தால் 8 சதவீதம். அவர் கடையில் வருடம் 1.9 கோடிக்கு வியாபாரம், எல்லாம் வங்கி வழி என்று வையுங்கள். 6 சதவீதம் 11.4 லட்சம். புதிய முறையில் 12 லட்சம் வரை வரித் தள்ளுபடி. ஆக வரி பூஜ்யம், முற்றிலும் சட்டப்படி.

இங்கே உங்கள் ஆற்றாமையில் நியாயம் இருக்கிறது. 6 சதவீதம் என்பது குறைந்தபட்சம்தான். உண்மையான லாபம் அதிகமாக இருந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். ஆனால் கணக்குப் புத்தகம் வைக்கத் தேவையில்லை என்ற சலுகையும் அதே பிரிவில் இருப்பதால், உண்மையான லாபம் 15 சதவீதமா 6 சதவீதமா என்பது அவர் மனசாட்சிக்கு மட்டுமே தெரியும். உங்கள் விஷயத்தில் சம்பளம் கைக்கு வருமுன்னே வரி போய்விடுகிறது. சம்பளமும் பிடித்த வரியும் எழுதிய உங்கள் ஃபார்ம் 16 துறையிடம் இருக்கிறது. செலவுக்கென்று கழிப்பது 75,000 மட்டும். அவர் கடை வேனின் டீசல், செல்போன் பில் எல்லாம் செலவுக் கணக்கில் வரக்கூடியவை. மாதச் சம்பளக்காரருக்கும் சொந்தத் தொழில் செய்பவருக்கும் இடையிலான இந்த ஏற்றத்தாழ்வு உண்மையானது. அதே சமயம் அவருக்கு பிஎஃப் கிடையாது, கிராஜுவிட்டி கிடையாது, ஒரு மாதம் கடை படுத்தால் கேட்க ஆள் கிடையாது. உங்கள் கோபத்தை அவர் மேல் செலவழிக்காதீர்கள்.

‘வரி கட்டுவதே எங்களைப் போன்றவர்கள்தான்’ என்பதையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகும் ஆட்டோக்காரர் 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 45 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. கோடீஸ்வரர் அதே ரீசார்ஜ் செய்தாலும் அதே 45 ரூபாய்தான். வருமான வரி கட்டாதவர் இந்த நாட்டில் வரியே கட்டாதவர் ஆகிவிடமாட்டார்.

அப்படியானால் அநியாயம் எங்கே இருக்கிறது?

இதைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். பங்குகளை விற்று வரும் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதம்தானே, எனக்கு மட்டும் 20, 30 என்று ஏன் போகிறது என்பது உங்கள் வாதம். உங்கள் அளவில் அது சரியில்லை. வருடம் 18 லட்சம் சம்பளம் வாங்கும் நீங்கள் புதிய முறையில் 1,50,800 கட்டுகிறீர்கள். வேறு வருமானமே இல்லாமல் 18 லட்சம் பங்கு லாபம் மட்டும் பெறுபவர், அடிப்படை விலக்கு 4 லட்சமும் பங்கு லாபத்துக்கான விலக்கு 1.25 லட்சமும் போக, 1,65,750 கட்டுகிறார். உங்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

இதே கணக்கை மேலே கொண்டுபோங்கள். வருமானம் 50 லட்சம் என்றால் சம்பளக்காரரின் வரி கிட்டத்தட்ட 11 லட்சம், பங்கு லாபக்காரரின் வரி 5.8 லட்சம். வருமானம் 5 கோடி என்றால், சம்பளமாக வாங்குபவர் மேல்வரியெல்லாம் (பெரும் வருமானக்காரர்கள் வரியின் மேல் கட்டும் சர்சார்ஜ்) சேர்த்து 1.89 கோடி கட்டுகிறார். பங்கு லாபமாகப் பெறுபவருக்கு 74 லட்சத்தோடு முடிந்துவிடுகிறது. காரணம், வருமானம் ஏற ஏற உயரும் அடுக்கு விகிதம் அவரைத் தொடுவதில்லை. மேல்வரியும் பங்கு லாபத்துக்கு 15 சதவீதத்துக்கு மேல் போகாது. பங்குகளை விற்காமலே வைத்திருப்பவருக்கு, அவற்றின் மதிப்பு எத்தனை கோடி ஏறினாலும் அந்த ஏற்றத்துக்கு வரி கிடையாது. கையில் பணம் வேண்டுமென்றால் பங்குகளை அடமானம் வைத்துக் கடன் வாங்கிக்கொள்ளலாம். கடன் வருமானம் ஆகாது.

ஆகவே ‘பணக்காரர்கள் எல்லாம் வரி கட்டுவதில்லை’ என்பது தவறு. பெரிய நிறுவனத்தில் கோடிகளில் சம்பளம் வாங்கும் அதிகாரி, மேல் அடுக்கில் 39 சதவீதம் வரை கட்டுகிறார். பங்கு ஈவுத்தொகைக்கும் 2020 ஏப்ரல் முதல், வாங்குபவரின் அடுக்குப்படிதான் வரி. உழைத்துச் சம்பாதிப்பவருக்கும் சொத்து வளர்வதால் பணக்காரர் ஆகிறவருக்கும் இடையில்தான் இந்தக் கோடு விழுகிறது. உச்சியில் இருக்கும் சில ஆயிரம் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாம் வகை.

அதோடு, அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகும் சொத்துக்கு இந்தியாவில் வரி கிடையாது. 1953-ல் கொண்டுவந்த எஸ்டேட் டியூட்டியை (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான வரி) 1985-ல் வி.பி.சிங் நிதியமைச்சராக இருந்தபோது எடுத்துவிட்டார்கள். ஆண்டுக்கு 20 கோடிதான் வருகிறது என்பது அப்போது சொன்ன காரணம். 1957-ல் வந்த சொத்து வரி (வெல்த் டாக்ஸ்; மாநகராட்சிக்கு வீட்டுக்காகக் கட்டுவது அல்ல) 2015 பட்ஜெட்டில் போனது. 2013-14-ல் அதில் கிடைத்தது 1,008 கோடி. ‘இவ்வளவு கொஞ்சம் வரும் வரி எதற்கு?’ என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். 1993-லேயே பங்குகளைச் சொத்து வரியிலிருந்து விலக்கிவிட்டார்கள். பெரும் பணக்காரர்களின் சொத்து இருப்பதே பங்குகளில். அதை விட்டுவிட்டு நகை, கார், காலி மனை, கூடுதல் வீடு என்று எண்ணிக்கொண்டிருந்தால் எவ்வளவு வரும்? சொத்து வரி என்ற யோசனையே தோற்றுவிட்டது என்று சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிறுவன வரிக்கு வருவோம். 2019 செப்டம்பரில் 30 சதவீதமாக இருந்த விகிதத்தை, சலுகைகளை விட்டுக்கொடுக்கும் நிறுவனங்களுக்கு 22 ஆகக் குறைத்தார்கள். 2023-24-ல் நிகர வசூல், நிறுவன வரியில் 9.11 லட்சம் கோடி, தனிநபர் வருமான வரியில் 10.44 லட்சம் கோடி. லாபம் ஈட்டும் கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கட்டுவதைவிடத் தனிமனிதர்கள் கட்டுவது அதிகம். 2023-ல் புதிய முறையில் உச்ச மேல்வரியையும் 37 சதவீதத்திலிருந்து 25 ஆக்கினார்கள். 5 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மட்டுமே பயன்பட்ட மாற்றம் அது. அதே பட்ஜெட்டில் நல்லதும் ஒன்று நடந்தது. பங்கோ வீடோ விற்ற லாபத்தைப் புது வீட்டில் போட்டு முழு வரியையும் தவிர்க்கும் வழிக்கு 10 கோடி என்று வரம்பு வைத்தார்கள். அதுவரை நூறு கோடிக்கு வீடு வாங்கி நூறு கோடி லாபத்துக்கும் வரி கட்டாமல் இருக்க முடிந்தது.

விகிதத்தை ஏற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1973-74-ல் உச்ச விகிதம் 97.75 சதவீதம். அதைக் கட்டியவர்களைவிடக் கறுப்புப் பணமாக்கியவர்கள்தான் அதிகம் என்பது எங்கள் தொழிலில் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டது. என் கருத்து இதுதான்: மிகப்பெரிய பங்கு லாபத்துக்கு, உதாரணமாக வருடம் ஒரு கோடிக்கு மேல், சம்பளத்துக்கு உள்ளதைப்போல் அடுக்கு விகிதம் வேண்டும். மிக உயர்ந்த வரம்பு வைத்து வாரிசுரிமை வரியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உங்கள் வீடும் அம்மாவின் நகையும் பக்கத்தில்கூட வராத அளவுக்கு அந்த வரம்பு இருந்தாலே போதும். பிரிட்டன், ஜப்பான் போன்ற நாடுகளில் வாரிசுரிமை வரி இன்றும் இருக்கிறது. இங்கே பேச்செடுத்தாலே நடுத்தர வர்க்கம்தான் முதலில் பயப்படுகிறது. பாதிக்கப்படப் போவது தாங்கள் இல்லை என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

‘அவன் செய்தால் திட்டமிடல், நான் செய்தால் குற்றமா?’

பங்கு லாபத்துக்கு 12.5 சதவீதம் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது. பணக்காரர் அதைப் பயன்படுத்துகிறார். நீங்கள் காட்டியது நடக்காத ஒன்றை நடந்ததாக. இந்த வேறுபாடு உங்களுக்குக் கசக்கும், எனக்கும் கசக்கிறது. சட்டத்தை எழுதும் இடத்தில் அவர்கள் குரல் கேட்கிறது, உங்கள் குரல் கேட்பதில்லை. ஆனால் பொய் நன்கொடையால் அவர்களுக்கு ஒரு ரூபாய்கூடக் குறையாது. பிடிபட்டால் அபராதம் கட்டப்போவது நீங்கள். ‘சம்பளக்காரர்களே இப்படித்தான்’ என்று சொல்லிக் கழிவுகளை இன்னும் இறுக்க அது ஒரு சாக்காகவும் ஆகிவிடும்.

பட்ஜெட்டுக்கு முன் பொதுமக்களிடமிருந்து மத்திய அரசு யோசனைகளைக் கேட்கிறது. இணையத்திலேயே அனுப்பலாம். உங்கள் தொகுதி எம்.பி.க்கும் எழுதுங்கள். ‘வரியைக் குறையுங்கள்’ என்று மட்டும் எழுதாமல், 5 கோடி சம்பளத்துக்கும் 5 கோடி பங்கு லாபத்துக்கும் உள்ள வரி வித்தியாசத்தை எண்களோடு எழுதிக் கேளுங்கள். வீட்டுக்கடன் சலுகை, நிலையான கழிவு என்று நமக்கான சில்லறைகளையே நாம் கேட்டுக்கொண்டிருப்பதால்தான் பெரிய ஓட்டைகளைப் பற்றி யாரும் பதில் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

கடைசியாக ஒரு வேலை, இன்றிரவே செய்துவிடுங்கள். வருமான வரி இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, சுயவிவரத்தில் இருக்கும் மின்னஞ்சலும் செல்போன் எண்ணும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இந்த மாதிரி ஏஜென்ட்டுகள் ரிட்டர்ன் போடுவதற்கென்றே ஒரு மின்னஞ்சலை உருவாக்கிப் பிறகு கைவிட்டுவிடுகிறார்கள். நோட்டீஸ் அங்கே போய் யாரும் திறக்காமல் கிடக்கும். உங்களுடையது இல்லையென்றால் மின்னஞ்சல் முகவரியை மாற்றுங்கள், கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். நிலுவையில் இருக்கும் நடவடிக்கைகள் என்ற பகுதியில் உங்கள் பெயரில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை அச்செடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் போங்கள். புதிய ரிட்டர்னைத் தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் சரிபார்த்துவிட வேண்டும். அந்த ஓடிபியை இந்த முறை யாரிடமும் சொல்லாமல் நீங்களே உள்ளிடுங்கள்.